சூடானால் மட்டும் வரும் சத்தம்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது திருப்பதியில், மலை அடிவாரத்து அலிபிரிக்குப் போகும் சாலையில், ஒரு சிக்னலில். வெயில் காலம். ஏசி போடாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவது என் வழக்கம். முன்னால் மலைக்குப் போகிற வேன் ஒன்று நின்றிருந்தது, அதன் பின்னால் நான். டிக், டிக், டிக். எவர்சில்வர் டம்ளரை நகத்தால் தட்டுகிற மாதிரி, விடாமல். பச்சை விழுந்து வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் சத்தம் நின்றுவிட்டது.

வண்டிச் சத்தம் கேட்பதுதான் என் வேலை. ரேணிகுண்டா சாலையில் இருக்கிற ஒரு சர்வீஸ் சென்டரில் நான் சர்வீஸ் அட்வைசர். வண்டியைக் கொண்டு வருகிறவர்கள் சொல்கிற குறையைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். யாரும் குறையை வார்த்தையில் சொல்வதில்லை, நடித்துத்தான் காட்டுவார்கள். புடவைக் கடைக்காரர் ஒருவர் கோழி மாதிரி கொக்கொக்கென்று கொக்கரித்துக் காட்டினார். ரிட்டயரான ஆசிரியை ஒருவர் என் மேஜையைத் தட்டித் தாளம் போட்டார். நான் சிரிக்க மாட்டேன். வரிசையாக நான்கு கேள்வி கேட்பேன். எப்போது வருகிறது? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடானபிறகா? ரேஸ் கொடுத்தால் வேகமாகிறதா? ஏசி போட்டால் மாறுகிறதா? இந்த நான்கையும் நானே எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அதைக் காட்டி வேலை சொல்லிக் கொடுப்பார் மேனேஜர். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

என் வண்டிக்கு முதல் இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். நிற்கும்போது வருகிறது, சூடானால் வருகிறது. அதற்குமேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. சூடானால் ஆயில் நீர்த்துப் போகும். ஆயில் மட்டமாக இருந்தால் இன்னும் நீர்த்துப் போகும். இன்ஜினுக்கு மேலே வால்வைத் தட்டித் திறக்கிற டாப்பெட்டுக்கு ஆயில் சரியாக ஏறாமல் உலோகத்தோடு உலோகம் தட்டும். ஆயில் மாற்றி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாற்றியது என் மாமா, புத்தூரில் அவருடைய ஷெட்டில். அடுத்த சிக்னல் வருவதற்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. என்னைவிட ஏழு வயது பெரியவர். அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்விட, நகரி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து எங்கள் வீட்டிலேயே வளர்ந்தார். நைனாவோடு, அதாவது என் அப்பாவோடு, கழனிக்குப் போவார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு லாரி ஷெட்டில் சேர்ந்தார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சித்தூரில் இன்ஜினியரிங் படித்தேன். அதுவும் மெக்கானிக்கல். வகுப்பில் பெண்கள் மூன்று பேர்தான்.

எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டிக்கொள்வது சாதாரணம். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே, "உனக்கின்னா, மாமன் இருக்கிறான்" என்று ஊரில் பேசுவார்கள். அதனால் மாமாவுக்கு வெளியிலிருந்து யாரும் பெண் கொடுக்க வரவில்லை. அக்கா மகளுக்காகக் காத்திருக்கிறான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் படித்து முடிக்கட்டும் என்று அவரும் வாயைத் திறக்கவில்லை. நான் படித்து முடித்தேன், வேலைக்குச் சேர்ந்தேன், பேச்சு எடுத்தபோது முடியாது என்றேன். எனக்கும் அவருக்கும் ஒத்துவராது என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டதற்கு, "அவர் ஆறாவது, நான் பி.டெக்" என்றேன். மாமா அப்போது கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழட்டும் என்று சொல்லவில்லை. விழக்கூடாது என்று குரலைத் தாழ்த்தவும் இல்லை.

அதற்குப் பிறகும் அவர் என்னிடம் முகம் கொடுக்காமல் இருந்ததில்லை. "வாம்மா இன்ஜினியரு, இன்னா இன்னிக்கி எந்தக் காரை சாவடிச்சே?" என்பார். நான் பழைய கார் ஒன்றை வாங்கப் போனபோது, கூடவே வந்து அடியில் படுத்துப் பார்த்து, "எடு, நல்ல வண்டி" என்று சொன்னது அவர்தான். ஊரில் சொந்தமாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிய முதல் பெண் நான். அம்மா ஆரத்தி எடுத்து, நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கம்பியில் கோத்துக் கட்டினாள். அதற்குப் பிறகு நான் அமாவாசையை ஒட்டி ஊருக்குப் போகும்போதெல்லாம் பழசை அவிழ்த்துவிட்டுப் புதுசு கட்டுவாள்.

மாமாவுக்கு ஒருவழியாகச் சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் அந்தப் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் ஷிஃப்டுக்குப் போகிறவள். அண்ணன்காரர் ஃபேக்டரிக்கு ஆட்களை ஏற்றி இறக்க மூன்று வேன் வைத்திருக்கிறார். ஜாதகம் பொருந்தி, மாமா பெண்ணைப் பார்த்துப் பெண்ணும் மாமாவைப் பார்த்துப் பிடித்துப்போய், பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. மாமாவுக்கு வீடென்றால் எங்கள் வீடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகச் சொன்னார்கள். நானும் திருப்பதியிலிருந்து கிளம்பினேன். நகரிக்குக் கொஞ்சம் முன்னால் லாரி ஒன்று குறுக்கே நின்று வழி அடைத்திருந்தது. பத்து நிமிஷம் நின்றேன். டிக், டிக், டிக். இந்த முறை நன்றாகவே கேட்டது. வீடு வந்து சேரும்போது அந்தச் சத்தம்தான் மண்டைக்குள் இருந்தது. மாமாவுக்குக் கல்யாணம் கூடி வருகிற நாள் என்பது பின்னால் போய்விட்டது.

பெண்ணின் அப்பா, அண்ணன், அண்ணி மூன்று பேரும் வந்திருந்தார்கள். கேசரி, வடை, காபி எல்லாம் ஆனது. மாமா மடித்த வேட்டியை நான்கு தடவை அவிழ்த்து மறுபடி மடித்தார். நகம் ஒவ்வொன்றையும் சோப்பு போட்டுத் தேய்த்திருந்தது தெரிந்தது. ஓரத்தில் மட்டும் கருப்பு போகவில்லை. அண்ணன்காரர் நல்ல மாதிரி. காற்று வாங்கப் போவதுபோல வெளியே வந்து என் காரைச் சுற்றிப் பார்த்தார். நானும் போனேன். பின்னாலேயே எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"உங்க வண்டியும் மாப்பிளதான் பாத்துக்கினு இருக்காரா?" என்று கேட்டார்.

பேச்சுக்குத்தான் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"பாத்தாரு. போன மாசம் ஆயில் மாத்தினாரு. அதுக்கப்புறம்தான் டாப்பெட் சத்தம் வருது" என்றேன்.

"அப்படியா? எப்படி?"

அவர் கண்ணில் ஆர்வம் தெரிந்தது. மூன்று வேன் வைத்திருக்கிறவருக்கு இருக்காதா? நான் போய்ச் சாவியைத் திருகினேன். பானெட்டைத் திறந்து வைத்து, "கொஞ்சம் சூடாகட்டும்" என்றேன். வழியெல்லாம் ஓடி வந்த இன்ஜின்தான், இரண்டு நிமிஷத்தில் டிக், டிக் என்று ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். இன்ஜின் உறுமலில் அந்தச் சத்தம் அமுங்கிப் போனது. விட்டதும் மறுபடி அதே டிக், டிக். "கேட்டீங்களா?" என்று எல்லோரையும் பார்த்தேன். மேஜைக்கு எதிரே இருக்கிற வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல் எனக்கு வந்துவிட்டது. ஆயிலுக்குக் கிரேடு உண்டு, இந்த இன்ஜினுக்கு இன்ன கிரேடுதான் ஊற்ற வேண்டும், வெளியில் சில்லறையாகக் கிடைக்கிற ஆயிலை ஊற்றினால் சூட்டில் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், நாளடைவில் இன்ஜினே போய்விடும் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

மாமா கிட்டே வந்தார். "கேன் ஆயில்தான் ஊத்தினேன். காலி கேனு ஷெட்டுலயே இருக்குது" என்றார். பிறகு தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "இது மேல இருந்து வர்ல. ஃபேனு நிக்கட்டும், அப்ப..." என்று ஆரம்பித்தார்.

"மாமா, தினமும் இருபது வண்டி பாக்கறேன் நான்."

அவர் நிறுத்திக்கொண்டார். வேட்டியை மறுபடி அவிழ்த்து மடித்தார்.

அண்ணன்காரர் சிரித்தார். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பெண்ணின் அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரத்தில் கிளம்பினார்கள். வெற்றிலைத் தட்டை அம்மா நீட்டியபோது, "சொல்லி அனுப்பறோம்மா" என்றார் அண்ணி. அவர்கள் வேன் திரும்பியதும் நைனா என்னைப் பார்த்து, "உன்னை யாரு கேட்டா?" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அம்மா தட்டை உள்ளே எடுத்துப் போனாள். மாமா சட்டையை மாற்றிக்கொண்டு, ஷெட்டில் வண்டி நிற்கிறது என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போனார்.

நான் சாப்பிட்டேன். உண்மையைத்தானே சொன்னேன் என்று எனக்குள்ளே வாதாடிக்கொண்டு சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், வேலை குறைவாக இருந்த நேரத்தில், என் காரை நானே உள்ளே ஓட்டிப்போய் நிறுத்தினேன். ஜாப் கார்டையும் நானே எழுதினேன். குறை என்ற இடத்தில் 'டாப்பெட் சத்தம், தவறான ஆயில்' என்று எழுதினேன். குறையை மட்டும்தான் எழுத வேண்டும், காரணத்தை எழுதக்கூடாது என்பது விதி. அதுவும் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான். எங்கள் சீனியர் டெக்னீஷியன் தெலுங்குக்காரர், நடு வயது. கார்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். டிப் ஸ்டிக்கை உருவி இரண்டு விரலுக்கு நடுவில் ஆயிலைத் தேய்த்தார், முகர்ந்தார்.

"ஆயில் மஞ்சிதே மேடம். எவரு வேசினாரு?" என்றார். நல்ல ஆயில்தான், யார் ஊற்றியது என்று கேட்டார்.

"ரேஸ் கொடுத்தா சத்தம் வேகமாகுதா?" இதைத் தமிழில் கேட்டார். என்னிடம் பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் பேசுவார்.

"கவனிக்கல."

"ஏசி போட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. காலையிலிருந்து நிழலில் நின்று வண்டி ஆறிப்போயிருந்தது. ஸ்டார்ட் செய்தார். சத்தம் இல்லை. ஏசி பொத்தானை அழுத்தினார். ஏசியோடு சேர்ந்து ஓடும் ரேடியேட்டர் ஃபேன் சுழல ஆரம்பித்த அந்த நொடியில் டிக், டிக், டிக். ஏசியை அணைத்தார். ஃபேன் ஓய்ந்தது, சத்தமும் ஓய்ந்தது. மறுபடி போட்டார், வந்தது. ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்றினார். இன்ஜின் வேகம் கூடியது, டிக் டிக் தன்பாட்டுக்கு அதே வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சூடானால் ஃபேன் தானாக ஓடும் என்பது இரண்டாம் வருஷப் பாடம்.

வண்டியை அணைத்துவிட்டு டார்ச் அடித்து, ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் நீளமான குறடை விட்டுத் துழாவினார். ஏதோ சிக்கியது. இழுத்தார். துருப்பிடித்த கம்பி, அதன் நடுவில் மரக்கட்டை மாதிரி காய்ந்து கருத்த ஓர் எலுமிச்சம்பழம், இரண்டு மிளகாய்க் காம்பு.

"நிம்மகாய மேடம்!" என்று உரக்கச் சிரித்தார். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "டாப்பெட் இதுதானா மேடம்?" என்று ஒருவன் கேட்டான். "ஊறுகாய்க்கு ஆகாது, ரொம்பக் காய்ஞ்சிடுச்சு" என்றான் இன்னொருவன்.

"எங்க அம்மா கட்டினது" என்றேன்.

அதில் பாதிதான் உண்மை. அம்மா கட்டியது வெளியே, நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில். உள்ளே கட்டியது நான். இரண்டு மாதம் முன்பு, வேலை செய்யும் இடத்துக்குக் காரை ஓட்டிவந்த ஒரு நாள், "மேடம் இன்ஜினியரு, வண்டிக்கு மட்டும் நிம்மகாயா?" என்று ஒருவர் கேலி செய்தார். திருப்பதியில் எந்த வண்டிக்கு இல்லை? மலை அடிவாரத்தில் நிற்கிற வண்டியில் பத்துக்கு எட்டில் தொங்கும். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அடுத்த அமாவாசைக்கு அம்மா புதுசு கட்டியனுப்பியபோது, புத்தூர் தாண்டி ஓரமாக நிறுத்தி, அதை அவிழ்த்தேன். தூக்கி எறியக் கை வரவில்லை. பக்தி என்று சொல்ல முடியாது, பயம். எறிந்துவிட்டு அப்புறம் ஏதாவது ஆனால் என்கிற பயம். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு மேலே இருக்கிற சட்டத்தில், யார் கண்ணுக்கும் படாதபடி உள்பக்கம் தொங்கவிட்டுக் கம்பியை முறுக்கினேன். அம்மா கேட்டால் கட்டியிருக்கிறது என்று சொல்லலாம், ஆபீசில் யாரும் பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் சமாளித்துவிட்டேன் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதற்குப் பிறகு மறந்தும் போனேன். காயக் காய கம்பி தளர்ந்து கீழே சரிந்திருக்கிறது.

அதைக் கையில் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டேன். அப்போதே அம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்லிவிடத்தான் செய்தேன். நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், "அவங்க வூட்லேர்ந்து போன் வந்துச்சிடி. ஜாதகம் திரும்பப் பாத்தாங்களாம், ஏதோ தோஷம் இருக்குதாம்."

"ஜாதகம் முன்னாலயே பாத்தாச்சே?"

"அதான் சொல்றேன்." பிறகு அவளே கேட்டாள், "உன் காரு சத்தம் இன்னாச்சி?"

"பாத்துக்கினு இருக்காங்க" என்றேன்.

இதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. ஞாயிற்றுக்கிழமை பேசியது அறியாமை, அகம்பாவம், என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை என் பையில் அந்த எலுமிச்சை இருந்தது. புதன், வியாழனும் இருந்தது. அலிபிரிப் பக்கத்தில் நான் தங்கியிருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் மலைக்குப் போகும் வண்டிகள் தெரியும். ஒவ்வொன்றின் முன்னாலும் பச்சையும் மஞ்சளுமாக ஆடிக்கொண்டு போகும். நான் ஜன்னலைச் சாத்திவைத்தேன். மாமாவை வேண்டாம் என்று சொல்லி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அது சரியான முடிவுதான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. ஒருவேளை அந்த மூன்று வருஷமும் நான் அவர் கையில் ஒரு குறையைத் தேடிக்கொண்டிருந்தேனோ என்று அந்த அறையில் உட்கார்ந்து யோசித்தேன். கட்டிக்கொள்ள வேண்டாம் என்று நினைப்பது என் உரிமை. அதற்காக அவர் மட்டமானவராக இருந்தாக வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது?

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் புத்தூர் போனேன். மாமா ஒரு டிராக்டருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கவரைப் பிரித்துக் காட்டினேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ரேடியேட்டர் பின்னாடி தொங்கிக்கினு இருந்ததே, அதா?"

"உனக்குத் தெரியுமா?"

"ஆயில் மாத்தறப்பவே பாத்தேன். திஷ்டிக்கின்னு அக்கா கட்டினது, நான் எதுக்கு அவுக்கறதுன்னு வுட்டுட்டேன். உள்ள எதுக்குக் கட்டிக்கிறாங்கன்னு நெனச்சேன். சரி, படிச்ச புள்ள, ஏதாவது காரணம் இருக்கும்னு..." சொல்லி முடிக்காமல் கம்பியைப் பழைய இரும்புக் குவியலில் போட்டார்.

"அன்னிக்கி ஃபேனுன்னு உனக்குத் தெரிஞ்சிது, இல்ல?"

"தெரிஞ்சிது."

"ஏன் மாமா சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீ வுடல." ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். "சொல்லியிருந்தா மட்டும் நம்பிடுவியா?"

மாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சத்தியவேட்டுக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். "வேணாம்" என்றார். "அத்தோட வுடு. திரும்பப் போயி நின்னா இன்னும் அசிங்கம்." அவர் குரல் உயரவில்லை. ஆனால் ஆறாவது படித்தவர் என்று நான் சொன்ன அன்று அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று, அன்றைக்குப் பார்க்காததை இப்போது பார்த்தேன்.

அவர் வேண்டாம் என்றதை மீறித்தான் போனேன். அதுவும் சரியா என்று தெரியாது. இங்கேயும் என் இஷ்டப்படிதான் நடந்துகொண்டேன்.

பெண்ணின் வீட்டில் அண்ணன்காரர் இருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கேலிக்குப் பயந்து உள்ளே கட்டியது, மாமா ஃபேன் என்று சொல்ல வந்தது, நான் வாயை அடைத்தது எல்லாம். அவர் முதலில் சிரித்தார், பிறகு சங்கடப்பட்டார். "அதெல்லாம் இல்லைங்க, ஜாதகம்தான்..." என்று இழுத்தார். அப்போது உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவள்போல, ஃபேக்டரி சட்டை இன்னும் மாற்றவில்லை. என் வயதுதான் இருக்கும்.

"நீங்கதான் அவரை வேணாம்னு சொன்னவங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அதுவும் இப்படித்தானா? நாலு கேள்வி கேக்க வேண்டிய எடத்துல ரெண்டு கேட்டு முடிவு பண்ணதா?"

நான்கு கேள்விக் கதையையும் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள்.

"அப்படித்தான்னு நெனைக்கிறேன்" என்றேன். அவரைக் கட்டிக்கொள்ளும் எண்ணம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அவள் கேட்டது அது இல்லை.

அவள் அண்ணனிடம் திரும்பி, "நம்ம ரெண்டாவது வண்டியில கூட ஒரு மாசமா ஏதோ கடகடன்னு கேக்குதுன்னு சொல்லிக்கினு இருக்கிறியே. அவரை வந்து பாக்கச் சொல்லேன்" என்றாள்.

அண்ணன்காரர் போன் செய்தார். மாமா ஞாயிற்றுக்கிழமை போனார். சத்தம் என்ன, எப்படிச் சரிசெய்தார் என்று எனக்குத் தெரியாது, அவர் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம், சாப்பிட்டாராம். அதை அம்மா சொன்னாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டு வாசலில்தான் பந்தல். மணமேடையில் மணப்பெண் என் கையில் பூச்சரம் கொடுத்து, "இத எங்க கட்டப் போறீங்க?" என்று காதருகே கேட்டாள். சிரித்தேன். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது அம்மா கட்டுகிற எலுமிச்சை வெளியே, நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. கேலி செய்கிறவர்கள் செய்கிறார்கள்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்தது. ஆபீசில் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை. கொடுக்காமல் புத்தூருக்கு ஓட்டிப் போனேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், டயரைப் பார்த்தார், காற்று கம்மி என்று சொல்லி அடித்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு புத்தூரிலேயே எடுத்திருந்த வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகச் சொன்னார். ஆயில் மாற்ற வேண்டும் என்றேன்.

"உங்க கம்பெனியிலேயே மாத்திக்குங்கம்மா" என்றார்.

பிறந்ததிலிருந்து அவர் என்னை நீங்க என்று சொன்னதில்லை. அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை, வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார். நான் பானெட் நெம்புகோலை இழுத்துவிட்டிருந்தேன், மூடி லேசாக எழும்பி நின்றது. அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி மூடினார். பிறகு டிராக்டர் பக்கம் போனார்.